புழு இல்லாத விரால்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, உங்களை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகலாம் என்று போன வாரம் ஆய்வகத்துக்கு வந்திருந்தேன். நுண்ணோக்கி எல்லாம் புதுசு. ஏசி ஓடுகிறது. நாற்காலிகூட சுற்றுகிறது. நல்லா இருங்கள். ஒரு தங்கச்சி அன்றைக்கு அறுத்த மீன்களைப் பார்த்து முடித்துவிட்டு, "இன்னிக்கு ஒரு புழுகூட இல்ல மேடம், எல்லாம் சைபர்" என்று பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். நான் வாயைத் திறக்கவில்லை. ரிட்டயர் ஆன கிழவி வந்ததும் வராததுமாகப் பாடம் எடுத்தாள் என்ற பேர் எனக்கு எதற்கு? ஆனால் வீட்டுக்கு வந்தபிறகு மனசு கேட்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான் கடற்கரைக்காரி. அப்பா, சித்தப்பா, மாமன் எல்லோரும் கடலை நம்பிப் பிழைத்தவர்கள். எங்கள் வீட்டுக்குள் குளத்து மீன் நுழைந்ததே கிடையாது. "சேத்த வேவிச்சுத் திங்கதுக்கு நாம என்ன கதியத்தா கெடக்கோம்?" என்பாள் அம்மா. அந்த வீட்டில் பிறந்த நான் வேலைக் காலம் முழுக்கக் குளத்து மீனின் குடலிலும், மீனுக்கு முன்னால் புழு குடியிருக்கிற நத்தைக்குள்ளும் புழு தேடினேன். விதி என்று சொல்வார்களே, அதுதான்.

ஆய்வகத்தில் மற்ற எல்லோருக்கும் கடல்தான். ஒருத்தருக்கு முத்துச்சிப்பி, ஒருத்தருக்குச் சங்கு, ஒருத்தருக்கு இறால். மதியச் சாப்பாட்டு நேரத்தில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள். "கப்பல் வார ஊர்ல இருந்துக்கிட்டு நத்தையத் தேடி அலையுதியளே, ஒங்களுக்கே நல்லாருக்கா?" என்பார் சிப்பிக்காரர். "ஒம்ம முத்துக்குள்ளயும் எம் புழுவுதான் வேய் இருக்கு" என்பேன். சிப்பிக்குள் நுழைந்த புழுக்குஞ்சைச் சுற்றித்தான் சில முத்துகள் உருவாகின்றன என்று ஒரு பழைய கருத்து உண்டு. சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் அவர்கள் பேச்சு கடலுக்குப் போய்விடும், நான் என் டிபன்பாக்ஸைக் கழுவப் போய்விடுவேன். கேலி எனக்கு வலிக்கவில்லை. நுண்ணோக்கியில் விசித்திரமாக ஒன்று தெரியும்போது, "இங்கன வந்து இதக் கொஞ்சம் பாருங்க" என்று கூப்பிட ஆளில்லையே, அதுதான் வலித்தது. நான் கண்டதைச் சரியென்றோ தப்பென்றோ சொல்ல இன்னொரு ஜோடிக் கண் அந்தக் கட்டடத்தில் இல்லை. பொல்லாத தனிமை அது. வீட்டிலும் நான் ஒற்றை ஆள்தான். அம்மா போனபிறகு கதவைத் திறப்பதும் நான், பூட்டுவதும் நான்.

இசக்கியம்மாள் என் வாழ்க்கைக்குள் வந்தது ஒரு தூக்குவாளியோடு. கொற்கைக்குப் பக்கத்தில் அவள் ஊர். அங்கே எட்டு வீட்டுப் பெண்கள் சேர்ந்து மகளிர் குழு வைத்து, ஊர்க் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து விரால் வளர்த்தார்கள். இசக்கிதான் தலைவி. கறுத்து, உயரமாக, நடந்தால் தரை அதிரும். ஆய்வகத்தில் ஒவ்வொருவரும் "அது நத்தை மேடம் கேசு" என்று கைகாட்டி அனுப்ப, கடைசியில் என் மேசைக்கு வந்து வாளியைத் திறந்தாள்.

"டீச்சர், இதப் பாருங்க. மீனுக்குள்ள மஞ்ச அரிசி மொளச்சிருக்கு."

நான் யாருக்கும் பாடம் எடுத்தவள் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் பேண்ட் போட்ட ஆம்பளை சார், சேலை கட்டிக் கண்ணாடி போட்ட பொம்பளை டீச்சர். அதை மாற்ற நான் முயலவில்லை.

வாளியில் அறுத்த விரால். சதைக்குள் அங்கங்கே மஞ்சளாக, பெரிய அரிசி அளவில் புழு. நெளிந்துகொண்டிருந்தது. வியாபாரி வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார் என்றாள். "பஞ்சாயத்துல எல்லாவனும் கொளத்துல மருந்த ஊத்துங்கான். ஊத்தவா, வேண்டாமா? நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க டீச்சர்."

மறுநாள் போய்ப் பார்த்தேன். குளம் பச்சைப் பாசியால் மூடிக் கிடந்தது. பாசிக்கு அடியில் கையை விட்டால் கொத்துக் கொத்தாக நத்தை. பெண்களைக் கரையில் உட்காரவைத்து விளக்கினேன். வயலில் கொட்டுகிற யூரியா வாய்க்கால் வழியே குளத்தில் இறங்குகிறது. அதில் பாசி கொழிக்கிறது. பாசியைத் தின்று நத்தை பெருகுகிறது. நத்தைக்குள் இந்தப் புழு குஞ்சாக வளர்ந்து, வெளியே வந்து நீந்தி மீனுக்குள் ஏறுகிறது. மீனைக் கொக்கு தின்னும். கொக்கின் வாய்க்குள் புழு பெரிதாகி முட்டையிடும், அந்த முட்டை திரும்பத் தண்ணீருக்கு வரும். "புழு பாக்கத்தான் அசிங்கம். அதைப் பிடுங்கிப் போட்டுட்டு, நல்லா வேகவச்சுச் சாப்பிடலாம். ஆனா குளத்துல மட்டும் மருந்து ஊத்திராதீங்க" என்றேன்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு இசக்கி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "சொல்லுததெல்லாம் சரி. நீங்க கடக்கரை ஆளு. நீங்க திம்பியளா?"

தின்றேன். வேறு வழி? உண்மையைச் சொல்கிறேன், சேற்று வாடைதான் அடித்தது. முகத்தில் காட்டாமல் இன்னொரு துண்டும் கேட்டு வாங்கினேன். மேலே என் அம்மா தலையில் அடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். வியாபாரி அண்ணாச்சியையும் கூப்பிட்டு விளக்கினேன். அவர் நான் தின்றதைக் கேள்விப்பட்டுத்தான் நம்பினார். விரால் விற்றது.

அதற்குப் பிறகு இசக்கி அடிக்கடி ஃபோன் செய்வாள். விஷயம் ஒன்றும் இருக்காது. "டீச்சர், சாப்ட்டியளா? என்ன கொழம்பு?" அவ்வளவுதான். அம்மாவுக்குப் பிறகு என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்ட ஆள் அவள் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அந்த ஃபோனுக்காகக் காத்திருப்பேன்.

அடுத்த வருடம் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்கு முந்தின வாரம் கூப்பிட்டாள். குரலே துள்ளியது. "டீச்சர், ஒடனே வாங்க. நல்ல சேதி. வந்து பாருங்க, வாயால சொல்லமாட்டேன்."

போனேன். குளம் கண்ணாடி மாதிரி கிடந்தது. பாசி போன இடம் தெரியவில்லை. பெண்கள் எல்லோரும் கரையில். மறுநாள் காலை மீன் பிடிப்பு, வியாபாரி வண்டி சொல்லியாகிவிட்டது. இசக்கி என் முன்னால் ஒரு விராலை அறுத்து விரித்தாள். சதை வெள்ளை வெளேர் என்று இருந்தது. "பாத்தியளா? ஒத்தப் புழுவு கெடையாது!" என்று கையைத் தட்டினாள். குழுவில் ஒரு இளம்பெண் முழங்கால் தண்ணீரில் இறங்கி, ஒரு விராலை வெறுங்கையால் அள்ளிக்கொண்டு வந்து காட்டிச் சிரித்தாள். "பாருங்க டீச்சர், கூப்ட்டா வருது."

பிள்ளைகளே, உங்களில் எத்தனை பேர் விராலைக் கையால் பிடிக்க முயன்றிருக்கிறீர்கள்? வலைக்குள் கிடக்கிற விராலே நழுவிவிடும். அது கூப்பிட்டால் வருமா? மயங்கிக் கிடந்தால்தான் வரும்.

இசக்கியின் மகள் செல்வி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். மருமகன் சவூதியில். கரையோரத்து மோட்டார் கொட்டகை நிழலில் பிளாஸ்டிக் நாற்காலியில் வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், பாவம். "முன்ன புழுவப் பாத்தாலே கொமட்டுவா. இப்ப ஒரு வாரமா தெனமும் விரால்தான் குடுக்கேன். புள்ளத்தாச்சிக்கு நல்லதுல்லா?" என்றாள் இசக்கி.

நான் சிரித்து வைத்துவிட்டு, குளத்தைச் சுற்றிவந்தேன். நத்தை ஓடுகள் கரையோரம் வெள்ளையாக ஒதுங்கிக் கிடந்தன. எல்லாம் காலி. தலைப்பிரட்டை ஒன்றுகூட இல்லை. தட்டான் பறக்கவில்லை. கொக்கு ஒன்றும் நிற்கவில்லை. கையோடு கொண்டுபோன சின்ன நுண்ணோக்கியை வைத்துக் கெண்டை, சிலேபி, விரால் என்று வரிசையாகப் பார்த்தேன். குடலில், செவுளில், சதையில், எங்கேயும் எதுவும் இல்லை. உயிர் இருக்கிற எந்தக் குளத்திலும் நான் அப்படிப் பார்த்ததில்லை. மீன் என்றால் உள்ளே நாலு விருந்தாளி இருக்கத்தான் செய்வார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். உரம் இறங்கினால் நத்தை பெருகிப் புழு கூடும். பூச்சிமருந்து கொஞ்சமாக இறங்கினால் மீனும் தலைப்பிரட்டையும் சீக்காளியாகும், அப்போதும் புழு கூடும். மருந்து அதிகமாக இறங்கினால் நத்தை சாகும், நீந்துகிற புழுக்குஞ்சு சாகும், சைபர் வரும். மூன்றும் ஒரே வயலிலிருந்து வரும். விரால் தலையை நீட்டி வெளிக்காற்றைக் குடிக்கிற சாதி. மற்றது சாகும்போதும் அது தாக்குப்பிடிக்கும். ஆகவே விரால் உயிரோடிருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள முடியாது.

ஆய்வகத்தில் என் மேலதிகாரிக்கு ஃபோன் போட்டேன். "புழு இல்லன்னா நல்லதுதானே மேடம்? இல்லைன்னு எழுதிட்டு வாங்க. மருந்து இருக்கா இல்லையான்னு பாக்கிறது நம்ம வேலை இல்ல. கையில ரிப்போர்ட் இல்லாம வாய்ல எதையும் சொல்லிராதீங்க" என்றார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. விதிப்படி அவர் சொன்னது சரி.

மடையின் மேல் போய் உட்கார்ந்தேன். தண்ணீரும் மீனும் சோதனைக்கு அனுப்பினால் முடிவு வர வாரக்கணக்கில் ஆகும். மீன் பிடிப்பு விடிந்தால். என் கையில் இருந்ததெல்லாம் ஒரு 'இல்லை'தான். இல்லாததைக் காட்டி யாரை நம்பவைக்க? யாரிடமாவது கேட்கலாம் என்றால், கேட்க யார் இருக்கிறார்கள்? தூரத்தில் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. இந்தச் சிரிப்பில் நான்தான் மண்ணைப் போடப்போகிறேன், இனி இசக்கி என்னிடம் சாப்பிட்டியளா என்று கேட்கமாட்டாள் என்று தோன்றியது. அழுகை வந்தது. துடைத்துக்கொண்டேன்.

இப்படிப்பட்ட நேரத்தில் யார் சரி என்று யோசிக்காதீர்கள். நான் சொல்வது தப்பாகப் போனால் யாருக்கு எது போகும் என்று மட்டும் யோசியுங்கள். நான் பேசி, அது தப்பானால், இவர்களுக்கு ஒரு மகசூல் போகும், எனக்கு இசக்கி போவாள். நான் பேசாமல் இருந்து, அது தப்பானால், செல்வி வயிற்றுப் பிள்ளை. அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. எழுந்து போனேன்.

"மீனை நாளைக்குப் பிடிக்க வேண்டாம். நீங்களும் சாப்பிட வேண்டாம். சோதனை முடிவு வரட்டும்" என்றேன். ஆபீஸ் குரலில்தான் சொன்னேன். பயத்தை வெளியே காட்டினால் அவர்களும் பயந்துவிடுவார்கள் என்று நினைத்தேன்.

இசக்கி எழுந்து நின்றாள். "என்ன டீச்சர் வெளையாடுதியளா? புழுவு இருந்தப்ப தின்னுங்கன்னிய. இப்ப இல்ல, திங்காதியங்கிய. எங்களப் பாத்தா கோட்டிக்காரி மாதிரி தெரியுதா?"

"புழு ஏன் போச்சுன்னு தெரியணும் இசக்கி. குளத்துல ஏதாவது ஊத்துனீங்களா?"

"மாரியாத்தா மேல சத்தியம். கொளத்துல ஒரு சொட்டு ஊத்தல. நீங்க ஊத்தாதியன்னிய, நாங்க ஊத்தல."

சத்தியம் செய்த முகத்தில் பொய் இல்லை. நான் திரும்பக் கேட்டேன். "சரி, குளத்துல வேண்டாம். வேற எங்க?"

அவள் பக்கத்தில் நின்றவளைப் பார்த்தாள். பக்கத்தில் நின்றவள் தரையைப் பார்த்தாள். "வயல்லதான் போட்டோம்" என்றாள் இசக்கி. "நத்தைல இருந்துதான் புழுவு வருதுன்னு சொன்னியள்லா? நத்தை வயல்லருந்துல்லா கொளத்துக்கு எறங்குது. அதான் எட்டு வீட்டு வயல்லயும் பூச்சிக்குப் போடுத குருணை மருந்தையும் நத்தைக்கு மயில்துத்தத்தையும் சேத்துப் போட்டோம். எப்பவும் போடுததுக்கு ரெண்டு பங்கு. கொளத்துல போடலியே டீச்சர்."

வாக்குத் தவறாத பெண்கள். வேண்டாம் என்ற இடத்தில் ஒரு சொட்டு ஊற்றவில்லை. அவர்களுக்கு வயல் வேறு, குளம் வேறு. வயல் வீட்டுக்காரன் பொறுப்பு, குளம் குழுவின் பொறுப்பு. நடுவில் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கிற வாய்க்கால் யார் கணக்கிலும் இல்லை.

நான் விளக்க வாயெடுக்கும் முன்பே இசக்கிக்குப் புரிந்துவிட்டது. அவள் முகம் மாறியதைப் பார்த்தேன். திரும்பிக் கொட்டகையைப் பார்த்தாள். செல்வி மடியில் தட்டை வைத்துக்கொண்டு சோறு பிசைந்துகொண்டிருந்தாள். இசக்கி ஓடிப்போய் அந்தத் தட்டைப் பிடுங்கினாள்.

"என்னம்மா?" என்று திகைத்தாள் செல்வி.

"ஒண்ணுமில்லளா. உப்பு கூடிட்டு. வேற தாரேன்."

என்ன மருந்து போட்டீர்கள் என்று டப்பாவோடு டாக்டரிடம் சொல்லி, செல்வியை இன்றைக்கே காட்டுங்கள் என்றேன். இசக்கி தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீங்க போங்க டீச்சர்" என்றாள். மற்ற பெண்கள் ஏசியது பஸ் ஸ்டாப் வரை கேட்டது.

மறுநாள் வியாபாரி வண்டி வெறுமனே திரும்பியது. ஆஸ்பத்திரியில், இப்போதைக்குப் பயப்பட ஒன்றும் இல்லை, பார்த்துக்கொள்வோம் என்றார்களாம். நான் எடுத்துவந்து அனுப்பிய தண்ணீருக்கும் மீனுக்கும் வெகுநாள் கழித்துச் சோதனை முடிவு வந்தது. எதுவும் கண்டறியப்படவில்லை. குருணை அதற்குள் சிதைந்துபோயிருக்கலாம், துத்தம் சேற்றில் படிந்திருக்கலாம். இல்லை, முதலிலிருந்தே மீனில் ஏறாமலும் இருந்திருக்கலாம். இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. ஆய்வகத்தில் என்னைக் கூப்பிட்டு ஏன் வாய்விட்டீர்கள் என்று கேட்டார்கள். கேட்டுக்கொண்டேன்.

அந்த மாதங்களில் நான் மாதா கோயிலுக்குப் போய் ஒரே ஒரு வேண்டுதல்தான் வைத்தேன். "தாயே, நான் சொன்னது தப்பாப் போகட்டும்." படித்தவள், இத்தனை வருடம் மீன் அறுத்தவள், என் முடிவு பொய்யாக வேண்டும் என்று முழங்கால் போட்டுக் கெஞ்சினேன். இசக்கிக்கு இரண்டு தடவை ஃபோன் போட்டேன். கட் செய்துவிட்டாள். மூன்றாவது தடவை போட எனக்குத் துணிச்சல் இல்லை. வியாபாரி அண்ணாச்சியைப் பஸ் ஸ்டாண்டில் பார்த்தபோதுதான் விஷயம் தெரிந்தது. "செல்விக்குப் பொட்டப் புள்ள. தாயும் புள்ளையும் சொகம். ஒங்களத்தான் ஊரே ஏசுது, இல்லாததச் சொல்லி மகசூலக் கெடுத்திட்டாவன்னு" என்றார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது. போகிற வழியில் இனிப்புக் கடையில் மக்ரூன் வாங்கினேன். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்த பிறகுதான், இதை யாருக்குக் கொடுக்க என்று உறைத்தது. நானே தின்றேன்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். மாலை போட்டார்கள், சிப்பிக்காரர் நத்தையை வைத்து ஒரு ஜோக் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். அவ்வளவுதான். துறைமுகத்தில் கப்பல் ஊதுவதைக் கேட்டுக்கொண்டு வீட்டில் இருந்தேன். ஒரு நாள் காலையில் ஃபோன் அடித்தது. இசக்கி என்று காட்டியது. அடுத்த மணி அடிக்கும் முன் எடுத்துவிட்டேன்.

"டீச்சர், புழுவு வந்துட்டு" என்றாள்.

நான் கட்டிலில் உட்கார்ந்தேன். "எதுல?"

"விரால்லதான். மஞ்சளா, நெளியுது. நத்தையும் அங்கன இங்கன ஊருது. கொக்கு வந்து நிக்கு."

"குருணை?"

"கார் நெல்லுக்கும் போடல, பிசான நெல்லுக்கும் போடல. எட்டு வீட்டுலயும். பாதி நெல்லு பூச்சிக்குப் போயிட்டு, வீட்டு ஆம்பளையள்லாம் ஆடித் தீத்துட்டாவ. சவத்த விடுங்க."

இரண்டு போகம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், நான் கேட்காமல், அந்த எட்டுப் பேரும் நெல்லைப் பூச்சிக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் என்னை ஏசிக்கொண்டிருப்பதாக மட்டும்தான் நான் நினைத்திருந்தேன்.

"இவ்வளவு நாள் ஏன் கூப்பிடலை இசக்கி?"

"வெறுங்கையோட எப்படி டீச்சர் கூப்பிட? புழுவு வரட்டும், சொல்லுவோம்னு இருந்தேன்."

பேத்தி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நடக்கிறாள், ஓடுகிறாள், தாத்தாவின் மீசையைப் பிடித்து இழுக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே வந்தவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"டீச்சர், அவ தூங்குனப்பொறவு நெஞ்சுல காத வச்சுக் கேட்டுட்டுத்தான் நான் தலைய சாய்ப்பேன். பொறந்த நாள்லருந்து இப்படித்தான். டாக்டர் ஒண்ணுமில்லன்னுதான் சொல்லுதாரு. எனக்கு அடங்கமாட்டேங்கு. செல்விக்குக்கூடத் தெரியாது. யார்ட்டப் போயி சொல்ல?"

நான் இங்கே அதே பயத்தோடுதான் கிடந்தேன். எங்களுக்கு நடுவில் ஒரு பஸ் தூரம்தான்.

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே இசக்கி" என்றேன்.

"நீங்க சொன்னியளா?" என்றாள்.